ஐந்து, ஆறு, ஏழு, எட்டு

லண்டன் நடனக் கூடங்களில் எண்ணிக்கை ஐந்தில் தொடங்கும். ‘ஐந்து, ஆறு, ஏழு, எட்டு’ என்று ஆசிரியர் சொன்னதும் எல்லாரும் ஆட ஆரம்பித்துவிடுவார்கள். நட்டுவனார், அதாவது தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துபவர், மனைக்கட்டையில் தட்டுக்கழியால் தட்டுவாரென்று அரைமண்டியில், முழங்கால் மடக்கிய நிலையில், காத்திருக்கும் பரதநாட்டியக்காரிக்கு முதல் அடி தப்பிப்போகும். சிரிப்பும் வரும், உறைக்கவும் செய்யும். ‘தய்யா தய்’ என்று வாயும் காலும் சேர்ந்து கற்ற உடம்புக்கு வெறும் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆடத் தெரியாது.

மற்றவை சீக்கிரம் பழகிவிடும். குளிரில் பாதம் மரத்திருக்கும். கணுக்காலையும் கெண்டைக்காலையும் நன்றாகச் சூடேற்றிய பிறகே தட்டடவு, பாதத்தைத் தரையில் தட்டும் முதல் பயிற்சி. கூடத்தின் தரை, மரச்சட்டங்களின் மேல் வினைல் விரித்தது. குதித்து இறங்குவோருக்காக அமைந்தது. தட்டின் ஓசை அதில் எழும்பாது. ஓங்கித் தட்டினால் வலிப்பது குதிகாலும் முழங்காலும்தான். பாதம் முழுவதும் சமமாகப் படுகிறதா, முழங்கால் விரல்களின் திசையிலேயே மடங்குகிறதா என்று பாருங்கள், போதும். தற்கால நடன வகுப்பில் அதே தரையில் படுத்து உருள வேண்டும். மிதிப்பதற்கு முன் தட்டிக் கும்பிட்டு பூமியிடம் பொறுத்தருளக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முதலில் மனம் கூசும். அதுவும் போய்விடும்.

கணக்கு மட்டும் அவ்வளவு லேசில் வழிக்கு வராது. 16 மாத்திரை, அதாவது 16 தாள எண்ணிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மாத்திரையில் ‘ததிங்கிணதொம்’ என்ற ஐந்து மாத்திரைச் சொற்கட்டைத் தொடங்கி மூன்று முறை சொன்னால் 15. அடுத்த அடி சரியாகச் சமத்தில், தாளத்தின் முதல் எண்ணில், விழும். நமக்கு அது ஒரே சொல், ஒரே அடவு (அசைவுத் தொகுப்பு), மூன்று தடவை. எட்டெட்டாக எண்ணுகிறவருக்கோ அந்தச் சொல்லின் தொடக்கம் 2இல் வரும், 7இல் வரும், பிறகு இரண்டாம் எட்டின் 4இல் வரும். ஒழுங்கே இல்லாததாகத் தோன்றும். அதனால் இரண்டாம் எட்டின் 1இல் தன்னையறியாமல் அழுத்திவிடுவார். அந்த அழுத்தம் நடுவில் வரும் ‘ததிங்கிணதொம்’ சொல்லின் ‘கி’மேல் விழுந்து சொல்லை உடைத்துவிடும். எண்களை ஒதுக்கிவைத்து, பாலே பயின்றவர் உட்பட எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, கையில் தாளம் போட்டபடி சொற்கட்டைச் சொல்லவையுங்கள். வாய்க்கு வந்தது காலுக்கு வரும்.

நடன அமைப்பாளர் ஷோபனா ஜெயசிங்கை நான் பெரிதாக மதிப்பது இந்த இடத்தில்தான். சென்னையில் பிறந்தவர், இலங்கையிலும் மலேசியாவிலும் இருந்துவிட்டு பிரிட்டன் வந்து தனிக் கலைஞராகப் பரதம் ஆடியவர். 1988இல் இசையமைப்பாளர் மைக்கேல் நைமனிடம் நடனத்துக்கு இசை கேட்டபோது தாளக் கணக்கை இவரே வகுத்துக் கொடுத்தார். நைமனின் இரண்டாவது நரம்பிசை நால்வர் படைப்பு அதன்மேல் எழுந்தது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மிருதங்கம் கிடையாது, கணக்கு இருக்கிறது. புது ஊரில் காலூன்றுவதற்காக அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை. 2015இல் ‘மெட்டீரியல் மென்’ படைப்பில் சூரஜ் சுப்பிரமணியத்தின் பரதத்தையும் ஷைலேஷ் பஹோரனின் ஹிப்ஹாப்பையும் எதிரெதிரே நிறுத்தினார். தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வரலாறு அந்த ஆட்டத்துக்குள் இருக்கிறது.

எண்ணிக்கையும் இப்போது பழகிவிட்டது என்றுதான் இங்கே ஆடுகிறவர்கள் சொல்வார்கள். ஆனால் மார்கழி பிறந்தால், மயிலாப்பூர் சபா மேடையோரத்தில் நட்டுவனார், பாட்டு, மிருதங்கம், புல்லாங்குழல் என்று உட்கார்ந்திருக்கும் வரிசை கண்முன் வந்துவிடும். சஞ்சாரி, அதாவது ஒரே அடியைப் பலவிதமாக அபிநயித்து விரிப்பது, நீண்டால் பாடகர் அந்த அடியையே திரும்பப் பாடுவார். ஆடுகிறவளின் மூச்சைப் பார்த்து நட்டுவனார் காலப்பிரமாணத்தை, தாளத்தின் வேகத்தை, பிடித்துக்கொள்வார். இங்கே ஒத்திகையில் ஒலிக்கும் ஒலிப்பதிவு அப்படிக் காத்திருக்காது. மூன்றாம் காலத்துக்கு, அதாவது மிக விரைவான நடைக்கு, போகும்போது பதிவு முந்திவிட, அரைமண்டி எழும்பிவிடும். அந்தப் பழக்கம் பிறகு மேடையிலும் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது, விளக்குக்கும் உடைக்கும் கேட்கிற இடத்திலேயே ஒத்திகை நாள்களுக்கு ஒரு நட்டுவனாரின் சம்பளத்தையும் சேர்த்து எழுதுங்கள்.