மெயிட்லாண்ட் பே: வற்று பார்த்துக் கிளம்புங்கள்

சிட்னியிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் பவுடி தேசியப் பூங்கா. அதற்குள் இருக்கும் மெயிட்லாண்ட் பே கடற்கரை வரை வண்டி போகாது. மேலே தகவல் மையத்தருகே நிறுத்திவிட்டு, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் காட்டுப் பாதையில் படியிறங்க வேண்டும். அங்கே கூட்டம் சேராததற்கு இந்த இறக்கமும் ஒரு காரணம். கீழே கடை இல்லை, குடிநீர் இல்லை, உயிர்காப்பாளர் இல்லை. காவலுள்ள நீச்சலிடத்தைக் காட்டும் சிவப்பு மஞ்சள் கொடியைத் தேட வேண்டாம், அங்கே நட்டிருக்க மாட்டார்கள்.

கடல் இறங்கும்போது பாறைகளுக்கிடையே நீர் தங்கும் பாறைக்குட்டைகளைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், கிளம்பும் நேரத்தை, கடல்மட்டம் இறங்கி ஏறும் நேரங்களைக் காட்டும் வற்றுப்பெருக்கு அட்டவணைதான் முடிவு செய்ய வேண்டும். மட்டம் மிகத் தாழ்ந்து நிற்கும் நேரம்தான் வற்று. சாப்பாடு கட்டிக்கொண்டு வசதிப்பட்ட நேரத்தில் போனால், குட்டைகள் நீருக்கடியில் கிடக்கும். சிட்னிக்கான அட்டவணை இந்தக் கரைக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஒரு வற்றுக்கும் அடுத்த வற்றுக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இருந்த வற்று, அடுத்த சனிக்கிழமை பிற்பகல் இரண்டை ஒட்டி வரும். அட்டவணையில் 0.5 மீட்டருக்குக் கீழே வற்றும் நாளாகப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது எளிதில் அமையும். வற்றுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மணலில் இருந்தால், நீர் விலக விலகப் பின்னாலேயே இறங்கலாம். வற்று நேரம் ஆனதும் திரும்பிவிட வேண்டும்.

அட்டவணை நிலவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு. அன்றைய அலை அதற்குத் தெரியாது. காற்றழுத்தம் தாழ்ந்த நாளில் நீர்மட்டம் அதில் சொன்னதைவிட உயர்ந்தே நிற்கும். அலை முன்னறிவிப்பு ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பாறைமேடைப் பக்கமே போக வேண்டாம், மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அமைதியாகத் தெரியும் நாளிலும், இறங்குமுன் உயரமான இடத்தில் நின்று 20 நிமிடம் பாருங்கள். பெரிய அலைகள் பல நிமிட இடைவெளியில் கூட்டமாக வரும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு இறங்குபவர்களைத்தான் அவை அடித்துப்போகின்றன.

எவ்வளவு தூரம் இறங்கிவிட்டோம் என்பதைப் பாறையில் ஒட்டியிருக்கும் உயிர்களே சொல்லும். மேலே காய்ந்த பாறையில் பட்டாணி அளவு நீலச்சாம்பல் நத்தைகள் கொத்தாக இருக்கும். அதற்குக் கீழே பாறையோடு ஒட்டி வளரும் ஓடுள்ள கொட்டலசு. இன்னும் கீழே, மணிகளைக் கோத்தது போன்ற பழுப்புநிறக் கடற்பாசி. நெப்டியூன் மாலை என்பார்கள். கடைசியில், மிதித்தால் நீரைப் பீய்ச்சும் கஞ்சவாய் என்ற தோல்பை போன்ற உயிர். அது காலடியில் தெரிந்தால் கடலின் விளிம்புக்கே வந்துவிட்டீர்கள். அங்கே கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். கருத்து வழுவழுப்பாக இருக்கும் பாறையில் செருப்பு நிற்காது. பிடிமானமுள்ள பழைய ஷூவே சரி.

பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது நீலவளையப் பேய்க்கணவாய் பற்றி. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய உயிர். சும்மா இருக்கும்போது மங்கலான பழுப்பு. சீண்டினால்தான் நீல வளையங்கள் பளிச்சிடும். காலிச் சிப்பி, சங்கு, பாறையிடுக்கு எல்லாம் அதற்கு ஒளிவிடம். அதனால்தான் சங்கைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போடக் கூடாது, குட்டைக்குள் கைவிட்டுத் துழாவக் கூடாது. கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். சற்று நேரத்தில் உதடு மரத்து, பேச்சுக் குழறி, மூச்சே நின்றுபோகலாம். மாற்று மருந்து கிடையாது. உடனே ஆஸ்திரேலியாவின் அவசர எண்ணான 000 அழைத்து, கடிபட்ட கை அல்லது காலை அகலமான நீள்துணிக் கட்டால் இறுக்கிச் சுற்றி அசையாமல் வைக்க வேண்டும். மூச்சு நின்றால் உதவி வரும்வரை செயற்கை மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நச்சு மூச்சுத் தசைகளைத்தான் முடக்குகிறது. மூச்சைத் தொடர்ந்து கொடுத்தால் ஆள் பிழைக்க வாய்ப்புண்டு. பூங்காவில் போன் சிக்னல் சீராக இல்லாததால், எங்கே கிடைக்கிறது என்று இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெல்லிமீன் போல மிதக்கும் புளூபாட்டில் என்ற நீலநிறக் கடலுயிர் கொட்டுவது அவ்வளவு ஆபத்தானதல்ல. இழைகளை எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டு நீரில் 20 நிமிடம் வைத்தால் வலி தணியும். வினிகர் வேண்டாம். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது இதற்கும் தேநீருக்கும் ஆகும்.

நீந்தத் தெரியாதவர்கள் முழங்காலுக்கு மேல் இறங்காதிருப்பதே நல்லது. அலைகளுக்கு நடுவே அலை உடையாமல் கருமையாக அமைதியாகத் தெரியும் பாதைதான் பெரும்பாலும் வெளியே இழுக்கும் நீரோட்டம். பார்க்கப் பாதுகாப்பாகத் தெரிவதால் பலர் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். சிக்கினால் அதை எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கையை உயர்த்துங்கள்.

கடற்கரையின் கிழக்கு முனையில், நன்றாக வற்றிய நேரத்தில், பாறைமேடைமேல் துருப்பிடித்த இரும்பு தெரியும். 1898 மே மாதப் புயலில் உடைந்த மெயிட்லாண்ட் என்ற துடுப்புச்சக்கர நீராவிக் கப்பலின் மிச்சம் அது. விரிகுடாவின் பெயரும் அதிலிருந்தே வந்தது. சட்டப் பாதுகாப்பு உள்ளது, ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. விரிகுடா கடல் காப்புப் பகுதிக்குள் இருப்பதால் தூண்டில் போடவும் தடை. கல்லைப் புரட்டிப் பார்த்தால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடியில் வாழ்பவை வெயிலில் செத்துப்போகும்.

நடக்க விரும்புவோருக்குப் புட்டி பீச்சிலிருந்து மக்மாஸ்டர்ஸ் பீச் வரை 8 கிலோமீட்டர் கரையோரப் பாதை இவ்வழியே போகிறது. அது ஒருவழித் தூரம். மறுமுனையில் இன்னொரு வண்டி இல்லையென்றால் அத்தனையும் திரும்பி நடக்க வேண்டும். அதே பாதையிலுள்ள கெரின் முனை வரை மட்டும் போய் வந்தாலும் போதும். மே முதல் நவம்பர் வரை அங்கிருந்து திமிங்கிலம் பார்க்கலாம். மெயிட்லாண்ட் பேயிலிருந்து மேலேறும் படிகள் வெயிலில் கடுமை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோய், அதில் பாதியை ஏற்றத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள்.