பழைய ஐடி, புதிய ஐடி: அம்மாவின் கிளினிக்கில் பட்ட பாடு

அம்மாவுக்குச் சீனி வருத்தம். மாதா மாதம் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக். அங்கே இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான். பார்கோட் அட்டையை நீட்டினால் பழைய மருந்து, இரத்த ரிப்போர்ட் எல்லாம் டொக்டரின் திரையில் வந்துவிடும்.

போன மாதம் அந்த அட்டை தொலைந்துவிட்டது. ஐடியை, அதாவது தேசிய அடையாள அட்டையை, வைத்துத் தேடுவார்கள்தானே என்று நம்பி, இலங்கை மலையகத்திலுள்ள போகவந்தலாவையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் போனோம். கவுண்டரில் இருந்தவர் ஐடி இலக்கத்தை அடித்துவிட்டு, "அப்படி ஆள் இல்லை" என்றார். வருடக் கணக்காக வருகிறோம் என்று நான் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புதிதாகப் பதிந்து புது அட்டையைக் கையில் தந்துவிட்டார். வாங்கியிருக்கவே கூடாது.

டொக்டர் ஸ்கேன் பண்ணினால் அம்மாவின் பெயருக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மூன்று வாரத்துக்கு முன் கொடுத்த இரத்தத்தின் ரிப்போர்ட் பழைய அட்டையின் இலக்கத்தில் கிடக்கிறது. ரிப்போர்ட் இல்லாமல் மருந்தை மாற்ற முடியாது, திரும்ப இரத்தம் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அவர் மேல் பிழை இல்லை. ஆனால் துணைக்கு வந்த தங்கச்சி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள்; அவளுக்கு அன்றைக்குக் கொழுந்து இல்லை, பேரும் (நாள் சம்பளமும்) இல்லை. இன்னொரு நாள் பேரையும் இழக்க வேண்டுமா? வயிறு எரிந்தது.

கிளினிக் கொப்பியைப் புரட்டும்போதுதான் விஷயம் பிடிபட்டது. முதல் பக்கத்தில் இருந்தது பழைய ஐடி: 9 இலக்கமும் கடைசியில் வி எழுத்தும். அந்தக் கார்ட் நைந்துபோய் அம்மா எடுத்த புதிய கார்டில் 12 இலக்கம். முன்னால் 19, நடுவில் ஒரு பூஜ்ஜியம் சேர்ந்து, வி போய்விட்டது. ஒரே அம்மா கம்ப்யூட்டரில் இரண்டு ஆளாகிவிட்டார்.

கொப்பியைத் தூக்கிக்கொண்டு பதிவறைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி பழைய எண்ணை அடித்ததும் அம்மா வந்துவிட்டார். இரண்டு நிமிஷ வேலை! பழைய இலக்கத்திலேயே அட்டை அடித்துத் தந்தார். டொக்டர் கிளம்புவதற்குள் ஓடிப்போய்க் காட்டினோம். ரிப்போர்ட்டைப் பார்த்தார், மருந்தைக் கூட்டினார்.

"ஆள் இல்லை" என்றால் புது அட்டை வாங்காதீர்கள், பழைய ஐடி எண்ணையும் அடிக்கச் சொல்லுங்கள். பெயரால் தேடுவதை மட்டும் நம்ப வேண்டாம். நம் ஆட்களின் பெயர் ஆங்கில எழுத்தில் கார்டுக்குக் கார்ட் மாறும். அட்டையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அப்புறம், கையில் கிடைக்கும் ரிப்போர்ட் துண்டு எதையும் எறியாதீர்கள். அம்மாவின் கொப்பி மட்டையில் தங்கச்சி இப்போது இரண்டு ஐடி எண்ணையும் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டாள்.