272-ஆ, 280-ஆ? முதலில் எக்ஸாஸ்ட் பக்கத்தைப் பாருங்கள்

டர்போ வண்டிக்குக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாகக் கேம்) வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். 264 போதுமா, 272 போடலாமா, 280 போட்டால் ஐட்லிங் தாங்குமா என்று. பேச்சு அங்கே ஆரம்பித்தால் தப்பான கேமில்தான் போய் முடியும். டர்போ எஞ்சினில் எந்தக் கேம் வேலை செய்யும் என்பதை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாயில், நிற்கும் பிரஷர்தான் முடிவு செய்கிறது. டப்பாவின் மேல் அச்சடித்த எண்ணுக்கு அதில் பெரிய பங்கில்லை.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. மிட்சுபிஷி 4ஜி63-ஐ எடுத்துக்கொள்வோம். 1992-இல் வந்த முதல் லான்சர் எவல்யூஷனிலிருந்து எவோ 9 வரை இருந்த 2 லிட்டர் எஞ்சின்: 85 மி.மீ. போர், 88 மி.மீ. ஸ்ட்ரோக், 16 வால்வு, இரண்டு கேம், டைமிங் பெல்ட், ரோலர் ராக்கர் (கேம் தள்ள வால்வை அமுக்கும் கை), ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைச் சரிசெய்யும் துண்டு). எச்கேஎஸ், டோமெய், கெல்ஃபோர்ட், ஜிஎஸ்சி என்று இதற்குக் கேம் அரைக்காத பெரிய கம்பெனி இல்லை. தேர்வு அதிகம் இருப்பதால் குழப்பமும் அதிகம்.

முதல் குழப்பம் அந்த எண்தான். 272 என்பது வால்வு எத்தனை கிராங்க் டிகிரி திறந்திருக்கிறது என்ற கணக்கு. ஆனால் எந்த லிஃப்டிலிருந்து, அதாவது வால்வு எவ்வளவு திறந்ததிலிருந்து, எண்ண ஆரம்பிப்பது? ஒரு கம்பெனி வால்வு அசைய ஆரம்பித்ததுமே எண்ணும், இன்னொன்று 1 மி.மீ. லிஃப்டில் எண்ணும், அமெரிக்கக்காரர்கள் 1.27 மி.மீ.யில் எண்ணுவார்கள். ஜிஎஸ்சி டிகிரியைப் பெயரில் சேர்ப்பதே இல்லை, எஸ்1, எஸ்2, எஸ்3 என்று விற்கிறது. அதனால் இரண்டு கம்பெனியின் 272-ஐ அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். 1 மி.மீ. லிஃப்டில் எத்தனை டிகிரி, உச்ச லிஃப்ட் எவ்வளவு, லோப் சென்டர் (வால்வு உச்ச லிஃப்டில் நிற்கும் டிகிரி) எங்கே, இந்த மூன்றும் உள்ள கேம் கார்டைக் கேட்டு வாங்குங்கள். தராத கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்தது ஓவர்லாப். எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறந்துவிடும், இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த நேரம். இரண்டு பக்கமும் 272, இன்டேக் சென்டர் 110, எக்ஸாஸ்ட் சென்டர் 114 என்று வையுங்கள். 272-இல் பாதி 136. இன்டேக் வால்வு மேல் முனைக்கு, அதாவது டிடிசிக்கு, 26 டிகிரி முன்பே திறக்கும். எக்ஸாஸ்ட் வால்வு டிடிசி தாண்டி 22 டிகிரியில் மூடும். கூட்டினால் 48 டிகிரி ஓவர்லாப். அதே சென்டரில் 264 போட்டால் 40, 280 போட்டால் 56.

நேச்சுரல் எஞ்சினில் இந்த ஓவர்லாப் நல்லது. வெளியே போகும் புகை உள்ளே வரும் காற்றைத் தன் பின்னால் இழுக்கும். டர்போவில் அந்தக் கணக்கு எப்போதும் செல்லாது. பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) 1.4 பார், அதே நேரம் டர்பைனுக்கு (புகை சுற்றும் டர்போ சக்கரம்) முன்னால் 2.5 பார் நிற்கிறது என்று வையுங்கள். இரண்டு வால்வும் திறந்திருக்கும் நேரத்தில் காற்று எந்தப் பக்கம் ஓடும்? பிரஷர் அதிகமுள்ள எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து சிலிண்டருக்குள்தான். எரிந்த சூட்டுப் புகை புதுக் காற்றோடு கலக்கும், சிலிண்டர் சூடேறும், நாக் (கலவை தானாக வெடிப்பது) ஆரம்பிக்கும், டியூனர் இக்னிஷனைப் பின்னால் இழுப்பார். பெரிய கேம் போட்டும் டைனோவில் (பவர் அளக்கும் மேடை) பவர் ஏறாத வண்டிகளில் பாதிக்கு மேல் இதுதான் கதை.

ஆகவே கேம் வாங்கும் முன் டர்பைனுக்கு முன்னால் நிற்கும் இந்த பேக் பிரஷரை அளந்துவிடுங்கள். செலவு அதிகமில்லை. மேனிஃபோல்டின் நான்கு குழாய்களும் சேரும் இடத்தில், டர்பைனுக்கு முன்னால், ஒரு சின்ன ஓட்டை போட்டு மரை வெட்டி ஸ்டீல் குழாய் ஒன்றை மாட்ட வேண்டும். குழாயை நாலைந்து சுற்றுச் சுருட்டி அரை மீட்டராவது நீளம் விட்டு, அதன் முனையில் 4 அல்லது 5 பார் சென்சார். சுருள் எதற்கென்றால் சூட்டைக் கழிக்க. நேராக மாட்டினால் சென்சார் அன்றைக்கே போய்விடும். ஓட்டை போட மேனிஃபோல்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வண்டியிலேயே வைத்துத் துளைத்தால் இரும்புத் தூள் நேரே டர்பைன் இறக்கையில் போய் விழும்.

4,000 ஆர்பிஎம்மிலிருந்து ரெட்லைன் வரை முழு ஆக்சிலரேட்டரில் ஒரு லாக் (அளவுப் பதிவு) எடுங்கள். பேக் பிரஷர் பூஸ்ட்டைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போனால், பொதுவாக ஸ்டாக் (கம்பெனியே பொருத்திய) 16ஜி டர்போ கடைசி 1,000 ஆர்பிஎம்மில் அந்த நிலையில்தான் இருக்கும், 264 அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதிலும் லோப் சென்டர்களை 114 பக்கம் விலக்கி ஓவர்லாப்பைக் குறைத்தால் இன்னும் நல்லது. பூஸ்ட்டும் பேக் பிரஷரும் ஏறக்குறைய சமம் என்றால் 272 தைரியமாகப் போடலாம். பெரிய டர்பைன், 8,000 தாண்டிச் சுற்றும் கட்டமைப்பு, பேக் பிரஷர் பூஸ்ட்டைவிடக் குறைவு என்றால்தான் 280-க்கு வேலை இருக்கிறது. தெருவில் ஓட்டும் வண்டிக்கு 280 வேண்டும் என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேண்டியது அந்த ஐட்லிங் சத்தம் மட்டும்தான். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் பவருக்காக என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இன்டேக் மூடும் நேரத்தையும் மறக்கக் கூடாது. மேலே சொன்ன 272-இல் இன்டேக் வால்வு கீழ் முனை தாண்டி 66 டிகிரிக்குப் பிறகே மூடும். குறைந்த வேகத்தில் பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே வந்த காற்றில் கொஞ்சத்தைத் திருப்பித் தள்ளிவிடும். டர்போ எழுவது சில நூறு ஆர்பிஎம் தள்ளிப்போக இதுதான் காரணம். எவோ 9-இல் மிவெக் (ஓடும்போதே இன்டேக் கேமின் நேரத்தை மாற்றும் அமைப்பு) இருப்பதால் இன்டேக் கேமை 3,000 முதல் 5,000 வரை முன்னால் தள்ளி அந்த நஷ்டத்தை ஈடுகட்டலாம். ஆனால் 20 டிகிரி முன்னே தள்ளினால் ஓவர்லாப்பும் 48-இலிருந்து 68 ஆகிவிடும், பேக் பிரஷர் ஏறத் தொடங்கும் இடத்தில் மிவெக் மேப்பை (எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு தள்ளுவது என்ற அட்டவணை) பின்வாங்க வேண்டும். பழைய மேப்பை அப்படியே விட்டு மிவெக் வண்டியில் பெரிய கேம் போடக் கூடாது. வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்பதையும் மிவெக் முழுதாக முன்னே போன நிலையில் அளக்க வேண்டும்.

வால்வு ஸ்பிரிங் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 4ஜி63 இன்டேக் வால்வின் தலை 34 மி.மீ., பரப்பு சுமார் 9 சதுர செ.மீ. 2 பார் பூஸ்ட் அதன் முதுகில் அழுத்தினால் 18 கிலோவுக்கு மேல். வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் கொடுக்கும் அழுத்தத்திலிருந்து அந்த 18 கிலோவைக் கழித்து மிச்சம் என்ன என்று பாருங்கள். சிலிண்டருக்குள் இருக்கும் பிரஷர் எதிர்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் தாங்கும் என்பது சரிதான், ஆனாலும் வேகமாக ஏறி இறங்கும் லோபோடு பழைய ஸ்பிரிங்கைச் சேர்த்தால் 7,000-க்கு மேல் வால்வு உட்கார்ந்து மறுபடி துள்ளும். இந்த எஞ்சினில் அதன் அடுத்த கட்டம், ராக்கர் தன் இடத்திலிருந்து கழன்று விழுவது. புது ஸ்பிரிங் போடும்போது இரண்டு இடைவெளிகளை அளந்தே ஆக வேண்டும்: முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டுவதற்கு இன்னும் 1 மி.மீ.யாவது மிச்சம், ஸ்பிரிங்கின் மேல் மூடியான ரிடெய்னருக்கும் வால்வு சீலுக்கும் நடுவே 1.5 மி.மீ.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்து அளப்பது பழைய முறை. அதில் ஒரு பொறி இருக்கிறது. ஹைட்ராலிக் லிஃப்டரில் எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது அது அமுங்கிவிடும், வால்வு முழுதாகத் திறக்காது, களிமண்ணில் நிறைய இடம் இருப்பதுபோல் தெரியும். அமுங்காத போலி லிஃப்டர் செய்து போடுங்கள், அல்லது அளக்கும் வால்வில் மட்டும் மெல்லிய ஸ்பிரிங் மாட்டி டயல் கேஜில் பாருங்கள். இன்டேக்குக்கு டிடிசி தாண்டி 10 டிகிரி அருகே, எக்ஸாஸ்ட்டுக்கு டிடிசிக்கு முன் 10 டிகிரி அருகே இடைவெளி மிகக் குறைவாக இருக்கும். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதி. ஹெட் சீவியிருந்தாலோ மெல்லிய கேஸ்கெட் போட்டிருந்தாலோ இதை விட்டுவிடவே கூடாது.

மாட்டும் வேலையில் பெல்ட்டைக் கழற்றும் முன் முதல் சிலிண்டரை டிடிசிக்குக் கொண்டுவந்து, இரண்டு கேம் கியரின் குறிகளும் எதிரெதிரே பார்ப்பதை உறுதிசெய்யுங்கள். ஸ்பிரிங் தள்ளுவதால் பெல்ட் போனதும் கேம்கள் தானாகத் துள்ளித் திரும்பும், கையை நடுவில் வைக்காதீர்கள். கேமைப் பிடித்திருக்கும் கேப்களில் எண் இருக்கும், அந்த வரிசையிலேயே திரும்பப் போக வேண்டும், ஏனென்றால் ஹெட்டோடு சேர்த்துத்தான் அவற்றைக் குடைந்திருக்கிறார்கள். ஒரு கேப் உடைந்தால் வேறொரு ஹெட்டின் கேப்பைக் கொண்டுவந்து போட முடியாது. உடைவதும் எப்படியென்றால், ராக்கர் ஒன்று லிஃப்டர் மேல் சரியாக உட்காராமல் இருக்க, ஒரு பக்கத்து போல்ட்டை மட்டும் முறுக்கிக்கொண்டே போவதால்தான். 16 ராக்கரையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றில் 20 நியூட்டன் மீட்டர். கியர் போல்ட் 88 நியூட்டன் மீட்டர், கேமின் அறுகோணப் பகுதியில் ஸ்பானர் போட்டுப் பிடித்துக்கொண்டு. பெல்ட்டை நம்பி முறுக்கக் கூடாது.

பெல்ட் திரும்பப் போடும்போது பலரும் தவறும் இடம் ஆயில் பம்ப் கியர். அது எஞ்சின் நடுக்கத்தை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் ஒன்றையும் சேர்த்துச் சுற்றுகிறது. குறி நேராக இருந்தாலும் ஷாஃப்ட் அரைச்சுற்றுத் தவறியிருக்கலாம். பிளாக்கின் பக்கத்தில் உள்ள பிளக்கைக் கழற்றி 8 மி.மீ. தடிமன் ஸ்க்ரூடிரைவரை விடுங்கள். 60 மி.மீ. உள்ளே போனால் சரி. 20, 25-இல் முட்டினால் கியரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி பாருங்கள். இதை விட்டவர்கள் பிறகு ஐட்லிங்கில் ஸ்டீயரிங் நடுங்குவதைப் பார்த்துப் பழியைப் புதுக் கேம் மேல் போடுவார்கள். பேலன்ஸ் ஷாஃப்ட்டையே எடுத்துவிட்ட எஞ்சினில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆட்டோ டென்ஷனரை வைஸில் மெதுவாக அமுக்கி, அதன் துளையில் ஊசி செருகி மாட்டி, எல்லாம் முடிந்ததும் ஊசியை உருவிவிட்டு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று, 15 நிமிடம் காத்திருந்து டென்ஷனரின் தடி வெளியே நீட்டியிருப்பதை அளந்தால் 3.8 முதல் 4.5 மி.மீ.க்குள் வர வேண்டும். சுற்றும்போது எங்காவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் போட வேண்டாம். வால்வு பிஸ்டனைத் தொடும் எஞ்சின் இது.

அட்ஜஸ்டபிள் கியர் போட்டிருந்தால் பூஜ்ஜியத்தில் வைத்து விட்டுவிடாதீர்கள். டிகிரி தட்டு மாட்டி, பிஸ்டன் ஸ்டாப் வைத்து உண்மையான டிடிசியைக் கண்டுபிடித்து, ரிடெய்னர் மேல் டயல் கேஜ் வையுங்கள். உச்ச லிஃப்டுக்கு 0.5 மி.மீ. குறைவாக ஏறும்போது டிடிசி தாண்டி 84 டிகிரி, இறங்கும்போது 138 என்று இன்டேக் கேமில் வந்தால் நடு 111. கார்டு 110 சொல்கிறது, கேம் 1 டிகிரி தாமதம். கியர் கோடுகள் கேம் டிகிரியா கிராங்க் டிகிரியா என்று பாருங்கள், ஒரு கேம் டிகிரி இரண்டு கிராங்க் டிகிரி. இதில் ஏமாந்தால் திருத்தம் இரட்டிப்பாகிவிடும்.

ரோலர் ராக்கர் என்பதால் புதுக் கேமுக்கு 20 நிமிட பிரேக்-இன் சடங்கு தேவையில்லை, அசெம்பிளி லூப் தடவினால் போதும். லிஃப்டர்கள் கொஞ்ச நேரம் தட்டும், சூடானதும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் காற்று மாட்டியிருக்கிறது, கழற்றி டீசலில் அமுக்கிக் காற்றை வெளியேற்றலாம்.

டியூனிங்கில் மூன்று விஷயம் ஆளை ஏமாற்றும். ஒன்று, அதே வேஸ்ட்கேட் (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) செட்டிங்கில் பூஸ்ட் கொஞ்சம் குறைந்து தெரியலாம். எஞ்சின் அதிகக் காற்றை விழுங்குவதால் வருவது இது, நஷ்டம் இல்லை, காற்றின் அளவை லாகில் பாருங்கள். இரண்டு, அதிகக் காற்று என்றால் அதிகப் பெட்ரோல். 560 சிசி ஸ்டாக் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதம் தாண்டினால் மாற்றியாக வேண்டும். மூன்றாவது ஐட்லிங். ஓவர்லாப்பில் புகை உள்ளே திரும்பி, சில முறை சரியாக எரியாமல் காற்றும் பெட்ரோலும் வெளியே போவதால் ஆக்சிஜன் சென்சாருக்கு அது லீன் (பெட்ரோல் குறைவு) என்று தெரியும், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியு பெட்ரோலைக் கூட்டும், பிளக் கரியாகும். ஐட்லிங்கை 950, 1,000-க்கு ஏற்றி, அந்த இடத்தில் குளோஸ்டு லூப்பை (சென்சாரைப் பார்த்து ஈசியு பெட்ரோலைத் திருத்துவது) அணைத்துவிட்டு, மீட்டர் காட்டும் எண்ணைப் பார்க்காமல் எஞ்சின் எங்கே நடுங்காமல் நிற்கிறதோ அங்கே காற்று-பெட்ரோல் கலவையை நிறுத்துங்கள். பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு பிளக்கைக் கழற்றினால் முனை காய்ந்த பழுப்பில் இருக்க வேண்டும்.