பிங் போகுது, டம்ப் போகலை

ராத்திரி 11 மணி, பேக்கப் ஓடும் நேரம். டேட்டாபேஸ் சர்வர் 10.0.0.11, பேக்கப் சர்வர் 10.0.0.12. நடுவில் வெளியுலகமே தெரியாத தனி ஸ்விட்ச். மைஎஸ்க்யூஎல் லாகின் ஆகிறது. 'செலக்ட் 1' அடித்தால் 1 வருகிறது. டம்ப் (மொத்த டேட்டாவையும் ஃபைலில் இறக்குவது) எடுக்கச் சொன்னால் மட்டும் ஃபைலில் நாலு வரி எழுதிவிட்டு அரசமரத்தடிப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடுகிறது.

"நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு சார், பிங் போகுது பாருங்க."

"டேட்டாபேஸும் நல்லாத்தான் இருக்கு பாஸ், லாகின் ஆகுதே."

ரெண்டு பேர் சொல்வதும் சத்தியம். அதனால்தான் மணி ஒன்றாகிறது.

பிங் என்பது 'இருக்கியா?' என்று கேட்கும் குட்டி பாக்கெட். லினக்ஸில் சும்மா அடித்தால் அனுப்புவது 56 பைட் சரக்கு. தலைப்புகளோடு சேர்த்து 84. சந்துக்குள் சைக்கிள் போய்விட்டது என்று சாட்சி சொல்லத்தான் அதற்குத் தெரியும், டம்ப் மாதிரி லாரியைப் பற்றி அதைக் கேட்கக் கூடாது. லாரியை விட்டுப் பார்க்க, துண்டாக்காதே என்ற ஆப்ஷனோடு சைஸ் 8972 கொடுக்க வேண்டும். எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு) 9000-இல் ஐபி தலைப்பு 20, பிங் பேசும் ஐசிஎம்பியின் தலைப்பு 8 போனால் மிச்சம் அவ்வளவு. 'மெசேஜ் டூ லாங்' என்று உடனே திட்டினால் நம்ம கார்டே வழக்கமான 1500-இல் இருக்கிறது. திட்டும் இல்லை, பதிலும் இல்லை, ஆனால் 1472 மட்டும் போகிறது என்றால் முதலில் ஸ்விட்சைப் பாருங்கள். ரவுட்டராக இருந்தால் 'பெரிசா இருக்கு, சின்னதாக்கு' என்று ஒரு தகவலாவது திருப்பி அனுப்பும். ஸ்விட்சுக்கு வாய் கிடையாது. பெரிய ஃப்ரேமைக் கீழே போட்டுவிட்டுத் தன் கவுண்டரில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதில் குசும்பு என்னவென்றால், ஒரு சர்வரில் மட்டும் 9000 வைத்திருந்தால் டேட்டாபேஸ் பேசும் டிசிபி அழகாக வேலை செய்யும். கைகுலுக்கும்போதே ரெண்டு பக்கமும் தங்கள் அளவைச் சொல்லிவிடுவதால், சின்னதான 1460-ஐ (1500-இல் தலைப்புகள் 40 போக) வைத்துக் காலம் தள்ளும். மாசக்கணக்கில் ஒரு புகாரும் வராது. என்றைக்கு யாரோ பொறுப்பாக, ஸ்விட்சைத் தொடாமல், மற்ற சர்வரையும் 9000 ஆக்குகிறாரோ, அன்றைக்கு ராத்திரி பிள்ளையார்.

ஆகவே முதலில் ஸ்விட்ச் (பெரும்பாலும் 9216 வைப்பார்கள்), அப்புறம்தான் சர்வர்கள். கமாண்டில் மாற்றியது ரீபூட்டில் பறந்துவிடும், நெட்பிளானிலும் (உபுண்டுவின் நெட்வொர்க் செட்டிங் ஃபைல்) எழுதிவிடுங்கள். 1 ஜிபிபிஎஸ் லிங்க்குக்கு இந்த ஜம்போ (அதாவது 9000) ஆசையே வேண்டாம் என்பேன், 1500-லேயே நிம்மதி. கிளவுடில் அவரவர் கணக்கு வேறு: அமேசானில் 9001, கூகுளில் இயல்பு 1460. மேலே விஎக்ஸ்லான் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் சுற்றி அனுப்பும் முறை) போர்த்தினால் இன்னும் 50 போகும்.

எல்லாம் சரியானது என்று டீ குடிக்கக் கிளம்பும்போது, நெட்பிளானைத் திறந்த அதே கை, தனி ஸ்விட்ச் பக்கத்து பிரைவேட் கார்டுக்கும் ஒரு கேட்வே (வெளியே போகும் வாசல்) போட்டு வைத்திருக்கும். காலியாக விட மனசு வராது. ஒரே சப்நெட்டுக்குள் பேச கேட்வேயே தேவையில்லை. ரீபூட் ஆனதும் வெளியே போக வேண்டிய பாக்கெட் வாசலே இல்லாத அந்தத் தனி ஸ்விட்சுக்குள் போய் முட்டிக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து லாகின்) செத்துவிடும், கன்சோல் வழியாகத்தான் நுழைய வேண்டும். நுழைந்ததும் முதல் வேலையாகப் பக்கத்து சர்வருக்கு ஒரு பிங்.

"நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு சார், பாருங்க."