ஸ்பேஸ் உள்ள ஃபைல் பேரு, ரெண்டு நாள் அலைச்சல்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்கு சிஸ்டம் வேலை பாத்துக் குடுக்குறேன், எல்லாம் உபுண்டு (லினக்ஸ்) மெஷின். சித்திரைத் திருவிழா முடிஞ்சு ஓனர் அண்ணன் போன் போட்டு "தம்பி, போட்டோ ஒண்ணும் சுருங்க மாட்டேங்குது, ஃபைலே இல்லைங்குது"ன்னாரு. போட்டோவ சுருக்கி வாட்டர்மார்க் போட இமேஜ்மேஜிக்ங்குற புரோகிராம கூப்புடுற ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட் (கமாண்ட் எழுதி வச்ச ஃபைல், அத படிச்சு ஓட்டுறதுதான் ஷெல்) அங்க இருக்கு, எனக்கு முன்னாடி யாரோ எழுதுனது. எப்பவும் கேமரா குடுத்த பேரோடதான் ஓடும், இந்தத் தடவ தேடுறதுக்கு ஈசியா இருக்கட்டும்னு "அழகர் எதிர்சேவை 14"ன்னு நடுவுல ஸ்பேஸ் விட்டுப் பேரு வச்சுட்டாங்க.

ஸ்கிரிப்ட தொறந்தா கடைசி வரில $* (ஸ்கிரிப்டுக்குக் குடுத்த பேரு எல்லாம்னு அர்த்தம்) மேற்கோள் குறி, அதான் கோட், இல்லாம நிக்குது. அப்புடி விட்டா ஸ்பேஸ் கண்ட எடத்துல எல்லாம் ஷெல் வெட்டிரும், அழகர் தனி, எதிர்சேவை தனி, 14 தனி, மூணு ஃபைல்னு நெனச்சுத் தேடும். சுத்தி டபுள் கோட் போட்டு ஒரே ஒரு போட்டோவ விட்டுப் பாத்தேன், ஓடுச்சு, கெளம்பிட்டேன். மறுநாள் காலைல இருபது போட்டோவ சேத்துக் குடுத்துருக்காங்க, மறுபடியும் அதே எரர். ஏன்னா "$*" அம்புட்டயும் ஒட்டி ஒரே நீளப் பேரா ஆக்கிரும், ஒரு ஃபைல வச்சு சோதிச்சா இது தெரியவே தெரியாது. வேண்டியது "$@", கோட்டோட. எத்தன வந்துச்சோ அத்தன, வந்தது வந்தபடி உள்ள போகும்.

இந்தத் தடவ கண்ணால பாக்காம நம்பக்கூடாதுன்னு இமேஜ்மேஜிக்குக்குப் பதிலா வேற ஒரு ஸ்கிரிப்ட வச்சேன், முதல்ல $#, அதாவது எத்தன ஆர்க்யுமென்ட் (குடுத்த பேரு) வந்துச்சுன்னு காட்டும், பெறகு ஒவ்வொரு ஆர்க்யுமென்ட்டையும் தனி வரில அடைப்புக்குள்ள போட்டுக் காட்டும். ரேப்பர், அதாவது இப்புடி இன்னொரு புரோகிராம கூப்புடுற ஸ்கிரிப்ட், எழுதுற எல்லாரும் இத ஒண்ணு கைல வச்சுக்கங்க.

அதுல பாத்தா இந்த மெஷின்ல எல்லாம் சரி, ஆனா பின்னாடி ரூம் சர்வருக்கு எஸ்எஸ்எச் (வேற மெஷின்ல கமாண்ட் ஓட்ட வைக்கிறது) வழியா அனுப்புற இன்னொரு ரேப்பர் இருக்கு, அங்க போனதும் திரும்பவும் துண்டு துண்டா வருது. எனக்கு அரை நாள் போனது இதுக்குத்தான். எஸ்எஸ்எச் நம்ம குடுக்குற வார்த்தைகள ஸ்பேஸ் விட்டு ஒரே சரமா கோத்துதான் அனுப்புது, அந்தப் பக்கம் இருக்க ஷெல் அத முதல்லருந்து பிரிக்குது, நம்ம கோட் எல்லாம் இந்தப் பக்கமே முடிஞ்சுருது. அதனால பேர்கள கமாண்ட் வரில அனுப்புறதயே விட்டுட்டேன். பிரின்ட்எஃப் கமாண்ட் வச்சு ஒவ்வொரு பேருக்குப் பின்னாடியும் நல் பைட் (மதிப்பு பூஜ்யமா இருக்க பைட்) போட்டு பைப்ல, அதாவது ஒரு கமாண்டோட வெளியீட்ட இன்னொண்ணுக்குக் குடுக்குற வழில தள்ளி, அந்தப் பக்கம் எக்ஸ்ஆர்க்ஸ் -0 (நல் பைட் வர்ற எடத்துல பிரிச்சு பேர்கள ஆர்க்யுமென்ட்டா குடுக்குற கமாண்ட்) வச்சு வாங்கிட்டேன். ஃபைல் பேருக்குள்ள நியூலைன் கூட வரலாம், நல் பைட் வரவே முடியாது, அதான் அதப் பிடிச்சேன். போட்டோ ஃபோல்டர் ரெண்டு மெஷின்லயும் ஒரே பாத்ல (ஃபோல்டர் முகவரில) மவுண்ட் ஆகி, அதாவது இணைஞ்சு, இருந்ததால பேரு மட்டும் போனாப் போதும்.

சாயங்காலம் திருவிழா ஃபோல்டர் முழுசா ஒரே ஓட்டத்துல முடிஞ்சுச்சு. பேரு ஹைஃபன்ல ஆரம்பிச்சா ஆப்ஷன்னு நெனச்சுக்கும்ல, அதுக்காக பேருக்கு முன்னாடி ./ சேத்து விடுற வரிய மட்டும் இன்னிக்கு காலைல போட்டுட்டு வந்தேன்.