அம்மாவின் சம்பளத் துண்டும் என் பங்குக் கணக்கும்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 31 வருடம் கொழுந்து எடுத்த என் அம்மா, 2023 இல் வேலையை விட்டார். சேமலாப நிதியில் ஆறு இலட்சத்துச் சொச்சம் கிடைத்தது. சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கு. அன்றைய நாட்சம்பளம் 1,000 ரூபாய், ஆகவே 434,000. அந்தச் சல்லியை என்ன செய்வது என்று வீட்டில் பேசி முடிக்கவே இரண்டு மாதம் போனது. கடைசியில் கூரைத் தகரம் மாற்றி, ஆறு இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டு, மிச்சத்தில் பெரும்பகுதியை, பலருடைய காசைச் சேர்த்து முதலிடும் அலகு நம்பிக்கை நிதி ஒன்றில் வைத்தோம்.

நான் டீச்சர். 2021 முதல் என் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொழும்புப் பங்குச் சந்தையில் சின்னச் சின்னதாகப் பங்கு வாங்கி வருகிறேன். கொழும்பில் வேலை செய்யும் தம்பி அனுப்பும் காசிலும் ஒரு பகுதி என் கையால்தான் பங்குகளில் போடப்படுகிறது. ஆக, மூன்று பேருடைய சல்லி நான்கு இடத்தில் கிடந்தது. அத்தனைக்கும் சேர்த்து என்னிடம் இருந்தது ஒரே ஒரு சீஆர் கொப்பி.

2023 தீபாவளிக்கு வந்த தம்பி, "அக்கா, என் காசு இப்ப எவ்வளவு நிக்குது?" என்று கேட்டான். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கொப்பியைப் புரட்டினேன். எந்தப் பங்கில் எத்தனை அவனுடையது, வந்த பங்கிலாபத்தில் (கம்பனி தன் இலாபத்திலிருந்து பங்குக்காரருக்குத் தரும் காசு) அவனுக்கு எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்தவர் உழைப்பைக் கையில் வைத்திருக்கிறவள் கணக்குச் சொல்ல முடியாமல் நிற்கக் கூடாது.

எங்கள் பள்ளியில் வர்த்தகம் படிப்பிக்கும் சேர்தான் க்னூகேஷ் என்ற மென்பொருளைக் காட்டினார். இலவசம். என் பழைய லெப்டொப்பிலும் ஓடுகிறது. கணக்குகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். முக்கியமாக, அது இரட்டைப் பதிவு முறை: ஒரு காசு எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கமும் சொல்லாமல் எந்தப் பதிவும் சமப்படாது. ஒரு பக்கம் குறைந்தால் 'இம்பேலன்ஸ்' என்ற பெயரில் ஒரு கணக்கைத் தானே திறந்து அந்த மிச்சத்தை அங்கே போட்டு வைக்கும். ஆரம்ப நாட்களில் என் கணக்கு மரத்தில் மிக வேகமாக வளர்ந்தது அந்தக் கணக்குத்தான்.

முதல் பிழை எல்லோரும் விடுவது. பங்கு வாங்கியதைச் செலவு என்று எழுதினேன். கையிலிருந்து காசு போனால் செலவுதானே என்று நினைத்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் எங்கள் மொத்தச் சொத்து பாதியாகக் கிடந்தது. "டீச்சர், அரிசி வாங்கினால் செலவு. பங்கு வாங்கினால் சொத்து ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாறுது, அவ்வளவுதான்" என்றார் சேர். ஒவ்வொரு கம்பனிக்கும் முதலில் 'செக்கியூரிட்டி' என்ற இடத்தில் பெயரும் குறியீடும் பதிந்து, பிறகு அந்தக் கம்பனிக்கென்று 'ஸ்டொக்' வகைக் கணக்கு ஒன்று திறக்க வேண்டும். சாதாரண வங்கிக் கணக்கில் ரூபாய் மட்டும் ஓடும். இதில் எண்ணிக்கை, விலை, ரூபாய் மூன்றும் ஓடும். ஏதாவது இரண்டைக் கொடுத்தால் மூன்றாவதை அதுவே போட்டுக்கொள்ளும்.

இரண்டாவது பிழையில்தான் நான் நிறையக் கற்றேன். பங்கு வாங்கிய விபரத்தையும் கட்டணங்களையும் எழுதிப் புரோக்கர் அனுப்பும் துண்டான கொன்ட்ரக்ட் நோட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 500 பங்கு, ஒன்று 42 ரூபாய், மொத்தம் 21,000. ஆனால் என் கணக்கிலிருந்து போனது 21,235.20. நான் என்ன செய்தேன் என்றால், போன தொகையை 500 ஆல் வகுத்து, வாங்கிய விலை 42.47 என்று எழுதினேன். இலகுவாக இருந்தது, சமப்பட்டும் விட்டது. ஆனால் க்னூகேஷ் நாம் எழுதும் விலையைத் தன் விலைப் பட்டியலிலும் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பங்கு அன்று 42 ரூபாய்க்குத்தான் கைமாறியது. என் பட்டியலோ 42.47 என்றது. ஒருநாளும் சந்தையில் இல்லாத விலை.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர், ஆனால் எண்களில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. "எரநூத்தி முப்பத்தஞ்சு எதுக்குக் கழிச்சாங்க?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தவள் நான். மலையில் நிறுவை நேரம் சாக்குக்கு, தண்ணிக்கு என்று கிலோ கழிப்பார்கள். அம்மா தன் கணக்கை ஒரு சின்ன நோட்டில் தனியாக எழுதி வைப்பார்: நிறுத்தது இவ்வளவு, கழித்தது இவ்வளவு, பேர் போட்டது இவ்வளவு. சம்பள நாளில் துண்டை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார். கைக்கு வந்த தொகையை முதலில் வாசித்தால் கோபம் வரும். "மேல இருந்து வாசி. மொத்தம் எவ்வளவு? சேமலாபம் எவ்வளவு, சந்தா எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு? கடைசியிலதான் கைக்கு வந்தது." அப்படி வாசித்து வாசித்துத்தான் ஒருமுறை இரண்டு தரம் கழிக்கப்பட்ட பண்டிகை முற்பணத்தை அவர் கண்டுபிடித்துத் திருப்பி வாங்கினார்.

அந்தத் துண்டை வாசித்த மாதிரியே கொன்ட்ரக்ட் நோட்டையும் மேலிருந்து வாசித்தேன். பங்கின் பெறுமதி 21,000. புரோக்கர் கூலி 0.64 சதவீதம், 134.40. பங்குச் சந்தைக்கு 0.084 சதவீதம், 17.64. நம் பங்குகளை நம் பெயரில் பதிந்து வைத்திருக்கும் மத்திய வைப்பகத்துக்கு 0.024 சதவீதம், 5.04. சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் ஆணைக்குழுவுக்கு 0.072 சதவீதம், 15.12. அரசின் பங்குப் பரிமாற்ற அறவீடு 0.3 சதவீதம், 63 ரூபாய். எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம், 235.20. அம்மா விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "சரி, கணக்கு நேரா இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து ஒரே பதிவில் மூன்று வரி எழுதுகிறேன்: பங்குக் கணக்குக்கு 500 பங்கு 42 ரூபாய்ப்படி 21,000, 'பங்குக் கட்டணம்' என்ற செலவுக் கணக்குக்கு 235.20, வங்கியிலிருந்து 21,235.20. ஐந்து கட்டணத்தையும் ஐந்து கணக்காகப் பிரிக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். குறிப்பு வரியில் நோட் இலக்கத்தை எழுதினால் போதும். வருட முடிவில் அந்தச் செலவுக் கணக்கைத் திறந்தபோதுதான், அடிக்கடி வாங்கி விற்றதில் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்தது. விற்கும்போதும் இதே 1.12 உண்டு. அதன் பிறகு நான் விற்பது வெகுவாகக் குறைந்துவிட்டது.

பங்கிலாபமும் இதே வழிதான். ஒரு பங்குக்கு 1.50 என்று அறிவித்தார்கள். 500 பங்குக்கு 750. வங்கியில் விழுந்தது 637.50. முன்பு கொப்பியில் 637.50 வருமானம் என்றே எழுதுவேன். அது பிழை. வருமானம் 750, அதில் 15 சதவீத வரி 112.50 பிடிக்கப்பட்டது, மிச்சம் வங்கிக்கு. இப்போது இதையும் மூன்று வரிகளில் எழுதுகிறேன். தம்பியின் பங்குகளுக்கு அவன் பெயரிலேயே தனிக் கணக்குத் திறந்திருப்பதால் அவனுடைய பங்கிலாபம் தானாகப் பிரிந்து நிற்கிறது.

விற்பனைதான் எல்லாவற்றிலும் சிக்கல். அதே பங்கில் 200 ஐ 50 ரூபாய்ப்படி விற்றேன். 10,000 இல் கட்டணம் 112 போக 9,888 வங்கிக்கு வந்தது. பதிவு சமப்பட்டுவிட்டது, ஆனால் இலாபம் எங்கே? அதை நாம்தான் சொல்ல வேண்டும். வாங்கிய விலை 8,400, விற்ற விலை 10,000, வித்தியாசம் 1,600. பங்குக் கணக்கில் எண்ணிக்கையும் விலையும் இல்லாமல் தொகையை மட்டும் 1,600 என்று போட்டு, மறுபக்கம் 'மூலதன இலாபம்' என்ற வருமானக் கணக்கில் எழுத வேண்டும். எண்ணிக்கை இல்லாத பங்குப் பதிவா என்று எனக்கு விளங்கவே இல்லை. சேர் வெள்ளைத்தாளில் வரவு, செலவு என்று இரண்டு பக்கம் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான் பிடிபட்டது. பங்குக் கணக்கிலிருந்து 10,000 வெளியே போயிருக்கிறது, ஆனால் அந்த 200 பங்குக்காக நாம் உள்ளே வைத்தது 8,400 தான். கூடுதலாக எடுத்த 1,600 ஐத் திருப்பி வைத்தால்தான் மிச்சம் 300 பங்கும் தன் சொந்த 42 ரூபாயில் நிற்கும். க்னூகேஷ் 5 ஆம் பதிப்பில் இதைப் படிப்படியாகக் கேட்டுப் பதியும் உதவி ஒன்று வந்திருக்கிறது. ஆனாலும் முதல் நான்கைந்து பதிவைக் கையால் செய்து பார்க்கச் சொல்வேன். விளங்காமல் பதிந்தால் பிழை வரும்போது எங்கே தேடுவதென்று தெரியாது.

2024 இல் ஜோன் கீல்ஸ் கம்பனி தன் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. என்னிடம் 100 இருந்தது. எனக்கு அந்தச் செய்தி தெரியும், பதியத்தான் மறந்துவிட்டேன். பத்தில் ஒன்றாகக் குறைந்த புதிய விலையை மட்டும் கையால் போட்டேன். அறிக்கையைத் திறந்தால் அந்த முதலீட்டின் பெறுமதியில் பத்தில் ஒன்பது பாகம் காணாமல் போயிருந்தது. திரையில் சிவப்பு எண்ணைப் பார்த்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. உடனே வைப்பகச் செயலியைத் திறந்து 1,000 பங்கு இருப்பதைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்தினேன். 'ஸ்டொக் ஸ்பிளிட்' என்ற இடத்தில் பதியும்போது இன்னொரு கவனம் வேண்டும்: அது கேட்பது கூடிய எண்ணிக்கையை, மொத்தத்தை அல்ல. நான் முதலில் 1,000 என்று போட்டு 1,100 பங்குக்குச் சொந்தக்காரி ஆனேன். 900 என்பதுதான் சரி. அதிலிருந்து மாதக் கடைசியில் வைப்பகக் கூற்றில் உள்ள எண்ணிக்கையையும் என் கணக்கில் உள்ள எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நான் லெப்டொப்பை மூடுவதில்லை.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். என் லெப்டொப்பின் பெட்டரி செத்துப் பல காலம். பதிவின் நடுவில் அணைந்து, மறுபடி திறந்தால் ஃபைல் பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லும். பயப்பட வேண்டாம், வேறு யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதியானால் அப்படியே திறக்கலாம். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் திகதியோடு பழைய பிரதி ஒன்றையும் அது பக்கத்தில் வைக்கிறது. நான் வாரத்துக்கு ஒருமுறை பென்ட்ரைவில் ஒரு பிரதி எடுத்துத் தம்பிக்கும் அனுப்பிவிடுகிறேன்.

கடைசியாக அம்மாவின் வைப்பு. 2025 ஜனவரியில் 8 சதவீதத்துக்குப் புதுப்பித்தோம். ஆறு இலட்சத்துக்கு மாதம் 4,000 வட்டி. 5 சதவீத வரி கழித்து 3,800 பாஸ் புத்தகத்தில் விழும். நான் 4,000 வருமானம், 200 பிடித்த வரி, 3,800 வங்கி என்றே பதிந்து வந்தேன். வட்டியில் பிடிக்கும் வரியைச் செலவில் போடவில்லை. கட்ட வேண்டிய வரிக்கு எதிராகக் கழிக்கக் கூடியது என்பதால் 'திரும்பக் கேட்க வேண்டியது' என்று சொத்துப் பக்கத்தில் ஒரு கணக்கு. ஏப்ரலில் 3,600 தான் விழுந்தது. பதிவு சமப்படவில்லை, 200 ரூபாய் இம்பேலன்ஸில் போய் நின்றது.

வங்கியில் கேட்டபோது, "அது கம்ப்யூட்டர் கழிக்கிறது" என்று மட்டும் சொன்னார்கள். அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை, எனக்கும்தான். தேடிப் பார்த்ததில் 2025 ஏப்ரல் 1 முதல் வட்டிக்கான வரி 5 இலிருந்து 10 சதவீதமாகக் கூடியது தெரிந்தது. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் போகாதவர்கள் சுய பிரகடனம் ஒன்றைக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்கு வைப்பிலிருந்து வருடத்துக்கு 48,000 வட்டி, அதோடு அலகு நிதியில் வருவது. வேறு ஒன்றுமில்லை. 3,600 ஐ மட்டும் வருமானமாக எழுதி வந்திருந்தால் இந்த 200 ரூபாய் என் கண்ணில் படாமலேயே போயிருக்கும்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, வருமான அறிக்கையை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்து நிரப்பினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "மேல இருந்து வாசி" என்றார். முழுவதும் வாசித்தேன். கேட்டு முடித்துத்தான் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதப் பதிவில் பிடித்த வரிக்கான இடம் வெறுமையாக இருந்தது: 4,000 வருமானம், 4,000 வங்கி. ஏற்கெனவே பிடித்ததைத் திரும்பக் கேட்க அவருக்கு வரி இலக்கம் எடுக்க வேண்டும். அதற்கான பத்திரங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். சொத்துப் பக்கத்தில் அந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது.