எப்போதாவது ஒன்று

பதினோரு ஆண்டுகள் நான் புகை பிடித்தேன். ஆனால் அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒரு நாள்கூட என்னைப் புகை பிடிப்பவன் என்று நினைத்ததில்லை. சனிக்கிழமை மாலை நண்பர்களுடன் டீக்கடையில் ஒன்று, கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் அலுவலகத்துக்குக் கீழே ஒன்றோ இரண்டோ, கல்யாண வீட்டு முன்னிரவில் ஒன்று என்று மாதம் முழுவதும் கூட்டினாலும் எட்டு, பத்தைத் தாண்டாது. இரண்டு வாரம் தொடாமல் இருந்தாலும் கை நடுங்கியதில்லை, தூக்கம் கெட்டதில்லை. ஆகவே நான் இதற்கு அடிமையில்லை என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று உடைந்தது.

அப்பா இறந்ததிலிருந்து கோவில்பட்டி வீட்டிலேயே இருந்தேன். அத்தனை நாள்களிலும் சிகரெட்டின் நினைவே வரவில்லை. பதினாறாம் நாள் விடிகாலையில், பந்தல் வேலைக்கு உதவ வந்த சித்தப்பா மகன் என் பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டான். அவன் சட்டையில் புகை வாசனை இருந்தது. அந்த நொடியிலிருந்து என் மனம் என்னிடம் இல்லை. சடங்கு செய்துவைத்தவர் சொன்ன சொற்களை வாய் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நானோ பஜாருக்குப் போய்வர என்ன காரணம் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். பந்திக்கு வாழையிலை போதாது என்று நானே சொன்னேன். தம்பி கிளம்பியபோது அவனை நிறுத்திவிட்டு நானே போனேன். இலைக்கடைக்கு முன்னால் பெட்டிக்கடையில் நின்றேன். பாக்கை மென்றுகொண்டு திரும்பி வந்தபோது அம்மா, "எங்கப்பா போன, இவ்வளவு நேரமா? படையல் போடணும்லா" என்று மட்டும் கேட்டார். அப்பாவுக்காக இருந்திருக்க வேண்டிய அந்த முக்கால் மணி நேரத்தை நான் எதற்குக் கொடுத்தேன் என்ற கேள்வி அதன் பிறகு என்னை விடவில்லை.

சென்னை திரும்பியதும் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நிகோட்டின் சார்பை, அதாவது புகையிலையில் உள்ள அந்தப் பொருளுக்கு ஒருவர் எவ்வளவு அடிமை என்பதை அளக்க நீண்ட காலமாகப் பயன்படுவது, சுவீடனைச் சேர்ந்த ஃபேகர்ஸ்ட்ராம் 1978இல் வெளியிட்டு 1991இல் திருத்தப்பட்ட வினாத்தாள். காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், ஒரு நாளைக்கு எத்தனை, நோயில் படுத்திருக்கும்போதும் பிடிப்பீர்களா என்று அது கேட்கிறது. என் மதிப்பெண் பூஜ்யம். என்னைப் போன்றவர்களுக்கு அது எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே வரும், ஏனென்றால் அது நாள்தோறும் பிடிப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பதின்வயதினரைத் தொடர்ந்து கவனித்த ஜோசப் டிஃபிரான்சா என்ற மருத்துவர் வேறு கேள்வியைக் கேட்டார். எத்தனை பிடிக்கிறாய் என்பதை விட்டுவிட்டு, வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்த முடிவு உன் கையில் இருக்கிறதா என்று கேட்டார். தினமும் பிடிக்கும் நிலைக்கு வருவதற்கு முன்பே சிலரிடம் சார்பின் அறிகுறிகள் தோன்றிவிடுவதை 2000ஆம் ஆண்டில் அவர் குழு எழுதியது. 2002இல் பத்துக் கேள்விகள் கொண்ட பட்டியல் வந்தது. கடும் ஏக்கம் வந்ததுண்டா? பிடிக்கக் கூடாத இடத்தில் பிடிக்காமல் இருப்பது கடினமாக இருந்ததா? கிடைக்காதபோது எரிச்சல் வந்ததா, கவனம் சிதறியதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலே, தன் மீதான முழு அதிகாரம் அவரிடம் இல்லை என்று பொருள். நான் ஐந்துக்கு ஆம் என்று குறித்தேன்.

புகையை இழுத்த சில நொடிகளிலேயே நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது; அங்கு அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் என்ற நுண்ணிய அமைப்புகளில் ஒட்டிக்கொண்டு, இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. 2006இல் வெளியான ஒரு மூளைப் படமெடுப்பு ஆய்வில், ஒன்றிரண்டு இழுப்பே அந்த ஏற்பிகளில் பாதியை ஏறத்தாழ மூன்று மணி நேரம் நிரப்பி வைத்திருந்தது தெரியவந்தது. ஆகவே "ஒன்றுதானே" என்பது மூளையின் கணக்கில் சிறிய அளவு இல்லை. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சால் ஷிஃப்மன், நாளைக்கு ஐந்துக்கு மேல் போகாமல் பல ஆண்டுகள் பிடித்துவந்தவர்களை 1980களின் இறுதியில் ஆராய்ந்தார். ஒரு சிகரெட்டிலிருந்து அவர்கள் உடலில் ஏறிய நிகோட்டின் மற்றவர்களுக்கு ஏறியதைப் போலவே இருந்தது. ஆனால் நிறுத்தினால் வரும் உடல் தொல்லைகள் அவர்களிடம் பெரிதாக இல்லை. இத்தகையவர்களை இழுப்பது பெரும்பாலும் சூழல்தான்: மது, நண்பர் கூட்டம், ஒரு வாசனை. பதினைந்து நாள் எதுவும் தோன்றாமல் இருந்ததும், ஒரு சட்டையின் வாசனையில் எல்லாம் திரும்பியதும் முரணான செய்திகள் அல்ல என்பது அப்போது விளங்கியது. என் சார்பு இரத்தத்தில் இருக்கவில்லை, சனிக்கிழமையிலும் டீக்கடையிலும் காத்திருந்தது.

அது மனத்தில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருந்தது என்பதைப் பின்னோக்கிப் பார்க்கும்போதுதான் காண முடிகிறது. சனிக்கிழமை மதியத்திலிருந்தே ஒரு பரபரப்பு இருக்கும். மகள் கடற்கரைக்குக் கூப்பிட்டால் அன்று மட்டும் சலிப்பாகப் பதில் சொல்வேன். புகை பிடிக்காத நெருங்கிய நண்பர் ஒருவரைச் சந்திப்பதை எந்தக் காரணமும் சொல்லாமல் குறைத்துக்கொண்டே வந்து, அவரைவிடப் பேச்சுக்குப் பொருத்தமில்லாத, ஆனால் புகை பிடிக்கிற ஒருவருடன் மாலைகளைக் கழித்தேன். அது நான் தேர்ந்த நட்பு என்றே எண்ணியிருந்தேன். மன அழுத்தத்துக்கு அது மருந்து என்ற எண்ணமும் அப்படித்தான் வளர்ந்தது. மார்ச் மாத இரவில் வேலையை விட்டுக் கீழே இறங்குவதும், காற்றில் நிற்பதும், மூச்சை ஆழமாக இழுத்து விடுவதும், ஒருவருடன் மனம் விட்டுப் பேசுவதுமாகச் சேர்ந்து தந்த ஆறுதல் முழுவதும் விரலிடுக்கில் இருந்த அந்த ஒன்றின் பெயரில் வரவு வைக்கப்பட்டது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் அழுத்தமும் குறைந்தன என்கிறது. நான் நம்பியிருந்ததற்கு நேர் எதிரான முடிவு அது.

எனினும் என்னை அதிகம் வருத்துவது பொய்தான். புகைப்பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்டால் இல்லை என்பேன். காப்பீட்டுப் படிவத்திலும் அப்படியே எழுதினேன். நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு உள்ள கூடுதல் இதயநோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்பது 2018இல் தொகுத்துக் காட்டப்பட்ட உண்மை. ஆகவே நான் எப்போதாவது பிடிப்பது அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இதில் கொடுமை. நாள்தோறும் பிடிக்கும் என் மாமா விட வேண்டும் என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது முயன்றார். நான் ஒருமுறைகூட முயலவில்லை. விடுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்று நம்புகிறவன் எதை விடுவான்?

இந்த நம்பிக்கைக்கு நம் ஊர்ப் பெட்டிக்கடையும் துணை நிற்கிறது. பதினோரு ஆண்டுகளில் நான் ஒரு பெட்டிகூட வாங்கியதில்லை, எப்போதும் ஒற்றைதான். 2016 முதல் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒற்றையாக வாங்குபவன் கையில் அந்தப் படம் வருவதே இல்லை. மகாராஷ்டிரம் 2020இல் ஒற்றை விற்பனையைத் தடை செய்தது. அது எல்லா இடத்திலும் வர வேண்டும், கடுமையாக நடைமுறைப்படுத்தவும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விடுவதற்கு நான் செய்தவை எளியவை. முதலில் மனைவியிடம் எண்ணிக்கையோடு சொன்னேன். புகை பிடிக்கிற அந்த நண்பரிடம் சனிக்கிழமைகளில் வர மாட்டேன் என்று காரணத்தோடு தெரிவித்தேன். மார்ச் மாதத்தில் பத்து நிமிடம் கீழே இறங்கி நடப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஏக்கம் வரும்போது கடிகாரத்தைப் பார்ப்பேன். சில நிமிடங்களில் தணிந்துவிடும். இலவச ஆலோசனைக்கு 1800-11-2356 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. நாளைக்குப் பத்து பிடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை.

இந்த ஆண்டு அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். இலை வாங்க நான்தான் போனேன். அந்தப் பெட்டிக்கடை முனைக்கு வந்ததும் நாக்கு வறண்டது. யாரோ அங்கே பற்ற வைத்துக்கொண்டிருந்தார். இலைக்கடையில் நின்று ஐம்பது இலையையும் கிழிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணி வாங்கினேன். எண்ணி முடிப்பதற்குள் அது போய்விட்டிருந்தது.